பெருமாள் கோயில் தெருவின் பழைய வீடு: மேசோன் பெருமாள் விடுதி

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர், கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர்த் தெருக்களைப் பார்த்துவிட்டு, இந்நகரத்தின் பழமை அவ்வளவுதான் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியின் பழமையை உள்ளே தங்கி அறிய விரும்புவோருக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் பெருமாள் கோயில் தெருவில் உள்ள மேசோன் பெருமாள். நூறாண்டு கடந்த ஒரு வீட்டைச் சீரமைத்து சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்தும் சிறிய விடுதி இது.

இதன் பாரம்பரிய மதிப்பு வயதில் மட்டும் இல்லை. தரைத்தளம் திண்ணை, தூண்கள், முற்றம் என்று முழுக்கத் தமிழ் வீடாக இருக்க, மாடியோ வளைவு வைத்த சன்னல்களோடு பிரெஞ்சுப் பாணியில் எழுந்திருக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே வாழ்ந்த வசதியுள்ள குடும்பங்கள், அன்றாட வாழ்க்கைக்கும் சடங்குகளுக்கும் உரிய கீழ்த்தளத்தை மரபுப்படி வைத்துக்கொண்டு, மாடியில் மட்டும் ஆட்சியாளர்களின் கட்டட ரசனையை ஏற்றுக்கொண்டன. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே அமைப்பைக் காணலாம். 1761இல் ஆங்கிலேயர் பிரெஞ்சு நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்த மாளிகை தப்பி நிற்கிறது. ஒரு சமூகம் வெளியாரிடமிருந்து எதைப் பெற்றது, எதை விட்டுக்கொடுக்க மறுத்தது என்பதைக் கட்டடமாகவே காட்டும் வீடுகள் இவை. அவற்றுள் ஒன்றில் நாம் படுத்துறங்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் திண்ணைக்கு முன்னால், தெருவைப் பார்த்து, மரக்கால்கள் தாங்கும் சாய்வான தாழ்வாரம் ஒன்று இருந்தது. வழிப்போக்கர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக வீட்டுக்காரர் தம் செலவில் விட்ட இடம் அது. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்து தெரு நெடுக நிழல் தந்தன. வண்டிகள் பெருகி, கடைகள் முன்னுக்கு வந்தபோது முதலில் இடிபட்டவை இந்தத் தாழ்வாரங்களே. வைசியாள் தெருவில் ஒரு பகுதியின் வீட்டு முகப்புகளை, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியிலும் ஐரோப்பிய நிதியுதவியோடும் மீட்டெடுத்தார்கள். அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

சீரமைப்பு என்றால் வண்ணம் பூசுவது என்று நினைப்பவர்கள் இத்தகைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பை நன்றாகப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துக் குழைத்து, பல பூச்சாகப் பூசித் தேய்க்கும்போதுதான் பழைய சுவர்களின் குளிர்ந்த பளபளப்பு வருகிறது. தேக்குக் கட்டைகள்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிப் போடும் மெட்ராஸ் டெரஸ் தளத்தை அறிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. இத்தகைய சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சை உரித்துத் தள்ளும். கடற்காற்றின் உப்பு அதை இன்னும் விரைவாக்கும். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் நகராட்சி அலுவலகமாக இருந்த பழைய மேரி கட்டடம் மழைக்காலத்தில் இடிந்து விழுந்ததைக் கண்ட ஊர் இது. அதைப் பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள் என்றாலும், இழந்தது இழந்ததுதான். பூட்டிக் கிடக்கும் வீட்டைவிட, ஆட்கள் புழங்கி, ஆண்டுதோறும் செலவிட்டுப் பேணப்படும் வீடு நெடுநாள் நிற்கும் என்பதால், பழைய வீடுகள் விடுதியாவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

உணவும் உபசரிப்பும் நிறைவாகவே இருந்தன; மீன் குழம்பைத் தனியே பாராட்ட வேண்டும். பழைய வீட்டு முற்றத்தில் பேச்சொலி மாடிவரை கேட்கும் என்பதை அமைதியை மட்டும் நாடுவோர் நினைவில் கொள்ளலாம்; எனக்கு அது வீட்டில் இருக்கும் உணர்வையே தந்தது.

ஒரு வேண்டுகோள் இந்நகரின் பாரம்பரிய விடுதிகள் அனைத்துக்கும் உரியது. தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் கட்டிய வீட்டின் வரலாற்றை விருந்தினர் தமிழிலும் படிக்க முடிய வேண்டும். அறை வாடகை உள்ளூர் நடுத்தரக் குடும்பங்களுக்கு எளிதன்று என்பதால், பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று முற்றத்தையும் தளத்தையும் விளக்கிக்காட்ட மாதத்தில் ஒரு காலைப்பொழுதையாவது இவ்விடுதிகள் ஒதுக்கினால், அடுத்த தலைமுறை தன் தெருவில் மிஞ்சியிருக்கும் வீட்டை இடிக்கக் கையெழுத்திடும் முன் ஒருமுறை யோசிக்கும்.