கியான் போஸ்டில் புத்தகக் கட்டு அனுப்பப் போகிறீர்களா?

பாளையங்கோட்டையில் சிறுவர் நூல்கள் போடுகிற சின்னப் பதிப்பகம் எங்களுடையது. மாதம் 150 கட்டுக்குக் குறையாமல் தபாலில் போகும். பாதி பள்ளிக்கூடங்களுக்கு, மீதி ஊர்ப்புற நூலகங்களுக்கும் வீட்டு வாசகர்களுக்கும். புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவுத் தபாலாக அனுப்ப உதவிய ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றில் அடித்தது போல இருந்தது. 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு அதைவிடக் கூடுதலாக அனுப்பும் செலவு என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே 1 அன்று அஞ்சல் துறை, புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்புவதற்கென்றே கியான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், எடைக்குத் தக்கபடி ஏறி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அன்றிலிருந்து இதில்தான் அனுப்புகிறேன். நல்ல சேவை. ஆனால் கவுண்டரில் புழங்குகிற சொற்கள் புரியாமல் போனால் இதன் பலன் பாதிதான் கிடைக்கும்.

இடைப்பட்ட மாதங்களில் ஒரு தனியார் கூரியரிடம் போனேன். பில்லைப் பார்த்ததும்தான் ‘வால்யூமெட்ரிக்’ என்ற சொல்லே எனக்குத் தெரியவந்தது. கதை அட்டையும் கைப்பாவையும் வைத்த பெட்டி, தராசில் 2 கிலோ. பெட்டியின் அளவு 40, 30, 20 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 4.8 வருகிறது. அந்த 4.8 கிலோவுக்குத்தான் பணம். பாரத்துக்கு இல்லை, வண்டியில் பெட்டி அடைக்கிற இடத்துக்குக் காசு. அதே பில்லில் ‘ஓ.டி.ஏ.’ என்று இன்னொரு வரி. அவர்கள் வழக்கமாகப் பட்டுவாடா செய்யும் எல்லைக்கு வெளியே உள்ள ஊர் என்று பொருள், அதற்குத் தனிக் கட்டணம். என் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறார்கள். எந்தக் குக்கிராமமானாலும் தபாலுக்கு ஒரே விலை என்பதன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

இனி கியான் போஸ்ட். எங்கள் தலைமை அஞ்சலகத்துக் கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் மாதம் நான் கொண்டுபோன கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

“அண்ணாச்சி, இது பி.ஓ. ஊரு. எந்த எஸ்.ஓ.வுக்குக் கீழன்னு எழுதலியே?”

“ஊர் பேரும் பின்கோடும் இருக்கேம்மா.”

“பி.ஓ.வுக்குன்னு தனி பின் கிடையாது அண்ணாச்சி. அக்கவுண்ட் ஆபீஸோட பின்தான் அதுக்கும். நீங்க போட்டிருக்கது பக்கத்து எஸ்.ஓ. பின். கட்டு அங்க போயி, சுத்திக்கிட்டுத்தான் வரும்.”

பத்து நிமிஷம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எச்.ஓ. தலைமை அஞ்சலகம், எஸ்.ஓ. துணை அஞ்சலகம், பி.ஓ. கிளை அஞ்சலகம். கிராமத்தில் டாக் சேவக் என்கிற கிராம அஞ்சல் ஊழியர் ஒருவர் நடத்துகிற கிளை அஞ்சலகம், கணக்கு வழக்குக்கு எந்த அலுவலகத்தை நம்பி இருக்கிறதோ அதுதான் அக்கவுண்ட் ஆபீஸ். நம் பெரியவர்கள் விலாசத்தில் ஊருக்குக் கீழே ‘வழி’ என்று போட்டு அடுத்த ஊரின் பெயரை எழுதுவார்களே, அது வெறும் பழக்கமில்லை, இதைத்தான் அப்படி எழுதினார்கள். நான் அந்த வரியைப் பழசென்று நினைத்து லேபிளிலிருந்து எடுத்திருந்தேன். தப்பு என்னுடையது. அன்று இரவே பட்டியல் முழுவதையும் உட்கார்ந்து திருத்தினேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முதல் மூன்று எண்கள் கட்டு எந்த வட்டாரத்துக்குப் பிரிக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தை. இப்போது வீட்டுத் திண்ணையிலேயே 627, 628, 629, 625 என்று குவியல் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிச் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோகிறேன். கவுண்டரில் எனக்கும் நேரம் மிச்சம், பின்னால் நிற்கிறவர்களுக்கும் மிச்சம்.

அவர்கள் பேச்சில் தபால், பார்சல் எல்லாமே ‘ஆர்ட்டிகிள்’தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்ட்டிகிள் நம்பர் உண்டு. அதை வைத்து இணையத்தில் கட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். இந்த விலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் அங்கே காட்டுகிற சொற்கள் வாசகர்களைப் பயமுறுத்துகின்றன. கல்வராயன் மலைப்பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை போனில், “சார், பேக்டு பேக்டுன்னே காட்டுது, தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டார். ‘பேக்டு’ என்றால் நம் கட்டு தபால் பைக்குள் போய், பையின் வாயையும் கட்டியாகிவிட்டது. அந்தப் பையைப் பிரிக்கிற இடத்தில்தான் கட்டை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். நடுவில் இரண்டு மூன்று நாள் அசைவே தெரியாது. கியான் போஸ்ட் போவது ‘சர்ஃபேஸ்’, அதாவது விமானத்தில் ஏறாது, ரயிலிலும் லாரியிலும்தான் பயணம். நாளைக்கே வேண்டும் என்கிறவர்கள் ஸ்பீட் போஸ்டுக்குப் போய்விட வேண்டும். அந்த ஆசிரியைக்கு மறுவாரம் கட்டு ஒரு மூலைகூட நசுங்காமல் கிடைத்தது.

திரும்பி வரும் கட்டுகளில் எழுதியிருப்பதையும் படித்துப் பழக வேண்டும். ‘லெஃப்ட்’ என்றால் வீடு மாறிவிட்டார், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ‘டோர் லாக்டு’ என்றால் ஆள் இருக்கிறார், வீடு பூட்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு போன் போட்டுக் கேட்டு மறுபடி அனுப்பலாம். திரும்பி வருவதற்குத் தபாலில் ‘ஆர்.டி.எஸ்.’ என்பார்கள், கூரியர்காரர்கள் அதையே ‘ஆர்.டி.ஓ.’ என்பார்கள்.

குறை என்று பார்த்தால், குறிப்பிட்ட இடைவெளியில் வரும் பத்திரிகைகளுக்கு இதில் இடமில்லை. சிற்றிதழ் நடத்துகிற நண்பர்களுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். விளம்பரம் அச்சிட்ட நூல்களையும் ஏற்பதில்லை, கடைசிப் பக்கத்தில் நம் நூற்பட்டியல் இருந்தால் பரவாயில்லை. அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் புத்தகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம் ‘கியான் போஸ்ட்’ என்கிற அந்தப் பெயர். ‘நூல் அஞ்சல்’ என்று தமிழில் ஒரு பலகை வைத்திருந்தால் எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கும்.

புதிதாக அனுப்பப் போகிறவர்கள் முதலில் ஐந்து கட்டு மட்டும் அனுப்பிப் பாருங்கள். விலாசத்தில் கிளை அஞ்சலகம், வழி, பின், கைபேசி எண் நான்கும் இருக்கட்டும். பை கட்டுகிற சாயங்கால நேரத்தில் மூட்டையோடு போய் நிற்காமல் காலையிலேயே போய்விடுங்கள். கேட்டால் சொல்லித் தருகிறவர்களுக்கும் அப்போதுதான் கை ஒழிந்திருக்கும்.