மோனோசைட் பிரிக்கத் தட்டா, காந்தமா?

வெள்ளை அணுக்கள் 100 எண்ணினால் அதில் மோனோசைட் 2 முதல் 10 வரை தேறும். அதைத் தனியே எடுக்க எங்கள் தண்டையார்பேட்டை லேபில் இரண்டு வழி: பிளாஸ்டிக் தட்டு, காந்தம்.

முதல் படி இரண்டுக்கும் ஒன்றுதான். ரத்தத்தில் சரிபாதி சலைன் கலந்து, ஃபிகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் டியூபின் ஓரமாக வழியவிட வேண்டும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும்: 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு), 30 நிமிடம், பிரேக் போடாமல். 1968இல் நார்வேயின் ஆர்னே போயும் காட்டிய வழி இது. ஃபிகாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம். சிவப்பணுவும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவும் அதைவிடக் கனம் என்பதால் அடியில் போய்விடும். லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவும் மோனோசைட்டும் கஞ்சித் தண்ணி நிறத்தில் மெல்லிய வளையமாக நிற்கும்.

அந்த 1.077 சுமார் 20 டிகிரிக்கான கணக்கு. மே மாதம் கரன்ட் போய் ஏசி நின்றால் ஃபிகாலின் அடர்த்தி குறையும், வளையத்தில் நிற்க வேண்டியதும் கீழே இறங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் நேர்மாறு: நியூட்ரோஃபில் மேலே தங்கிவிடும். ரத்தத்தைக் காசிமேட்டு மீன் மாதிரி ஐஸில் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. வேண்டாம், சாதாரண அறை வெப்பமே போதும்.

தட்டில் வளையத்துச் செல்களை ஊற்றி 37 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மோனோசைட் ஒட்டிக்கொள்ளும், மற்றதைக் கழுவி விடலாம். செலவு சொற்பம். ஆனால் வேறு செல்களும் கொஞ்சம் ஒட்டும். ஒட்டுவதாலேயே மோனோசைட் உசுப்பப்படும், அதனால் சைட்டோகைன் (செல்கள் வெளிவிடும் சேதிப் புரதம்) அளக்க நான் இதை எடுக்க மாட்டேன். மோனோசைட்டிலிருந்து உருவாகும் விழுங்கு செல்லான மேக்ரோஃபேஜ் வளர்க்கவோ இதுவே சௌகரியம். செல்கள் ஏற்கெனவே தட்டில்தானே இருக்கின்றன.

காந்த வழியில், மோனோசைட்டின் மேற்பரப்பிலுள்ள சிடி14 என்ற புரதத்தில் ஒட்டும் நுண்ணிய காந்த மணிகள் சேர்த்து 15 நிமிடம் குளிரில் வைத்து, காந்தத்தில் மாட்டிய காலம் (column) என்ற சிறு குழாய் வழியாக விட்டால் பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக வரும். விலைதான் கடிக்கும். அதற்கு முன் 200 ஜியில் மெதுவாகக் கழுவிப் பிளேட்லெட்டை விரட்டாவிட்டால் செல்கள் கட்டிதட்டிக் காலம் அடைத்துக்கொள்ளும். சிடி14 குறைவாக உள்ள மோனோசைட் வகையும் கொஞ்சம் தவறிப்போகும். மற்ற செல்களில் மணி ஒட்டி, மோனோசைட்டைத் தொடாமல் எடுக்கும் கிட்டும் உண்டு. விலை இன்னும் அதிகம்.

ஒருநாள் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி, காலையில் எடுத்த ரத்தம் சாயங்காலம் வந்தது. வளையம் தடித்து, லேசாகச் சிவந்திருந்தது; நியூட்ரோஃபிலும் கலந்திருந்தது. அது தட்டிலும் ஒட்டும். அன்று விலை பார்க்காமல் காந்தத்தை எடுத்தேன்.