1989-இன் கேம் பாய்: இன்று வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

வீடியோ கேம் வரலாற்றில் 1989 நெரிசலான ஆண்டு. டிவியில் இணைத்து ஆடும் சேகாவின் ஜெனசிஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அட்டாரி, வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்ட கையடக்கக் கருவியான லிங்க்ஸை இறக்கியது. இவற்றுக்கு நடுவே ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென்னுக்கு நின்டெண்டோ விற்கத் தொடங்கிய கையடக்கக் கருவியான கேம் பாயில் வண்ணமும் இல்லை, பின்னொளியும் இல்லை. 160-க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், அதுவும் பாசிப்பச்சைத் திரையில். ஆனால் ஜெயித்தது அதுதான். லிங்க்ஸ் ஆறு ஏஏ பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் காலி செய்யும். கேம் பாய் நான்கே பேட்டரியில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும். நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பெய் யோகோயின் குழு விலை மலிந்த, நன்கு பழகிய பாகங்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததன் பலன் இது.

இங்கே பேசுவது முதல் மாடலைப் பற்றி மட்டுமே: பின்புறம் டிஎம்ஜி-01 என்று போட்டிருக்கும் சாம்பல் நிறப் பெட்டி.

பட்டன்கள் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதவை. திரைதான் சிக்கல். புள்ளிகள் மெதுவாக மாறுவதால், நகரும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். படம் பக்கவாட்டில் ஓடும் சூப்பர் மாரியோ லேண்டில் இது கண்ணை உறுத்தும். டெட்ரிஸில் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் கருவியோடு டெட்ரிஸைச் சேர்த்துக் கொடுத்தது இந்தத் திரைக்கும் பொருத்தமாகவே அமைந்தது. விளையாட நல்ல வெளிச்சம் வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஒலி ஸ்பீக்கரில் மோனோ, ஹெட்போனில் ஸ்டீரியோ. கேட்டால் வித்தியாசம் புரியும்.

வாங்கும்போது முதலில் ஆன் செய்து, மேலிருந்து இறங்கும் நின்டெண்டோ லோகோவைக் கவனியுங்கள். கருவிக்குள் இருக்கும் 256 பைட் நிரல், கார்ட்ரிட்ஜில் (விளையாட்டு பதிந்த, கருவியில் செருகும் சிறு பெட்டி) பதிந்துள்ள லோகோவைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டமோ சிதைந்த கோடுகளோ வந்தால் பெரும்பாலும் காரணம் அழுக்கேறிய தொடுமுனைதான். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கார்ட்ரிட்ஜின் முனைகளைத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். வாயால் ஊத வேண்டாம்; எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

அடுத்து, திரையில் விடுபட்ட கோடுகள் உள்ளனவா என்று பாருங்கள். செங்குத்துக் கோடுகள் என்றால் பயப்பட வேண்டாம், பேரம் பேசலாம். கண்ணாடியின் அடியில் ஒட்டியிருக்கும் ரிப்பன் கேபிளின் பிடி தளர்ந்ததுதான் காரணம். மூன்று இறக்கை ஸ்க்ரூடிரைவரால் ஆறு ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள் (இரண்டு பேட்டரி அறைக்குள் இருக்கும், பலரும் அதை மறந்து மூடியை உடைப்பார்கள்). ரிப்பன் மேலுள்ள ரப்பர் பட்டையை நீக்கி, குறைந்த சூட்டில் வைத்த சால்டரிங் அயர்னை அதன் மேல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். கருவி ஆனில் இருந்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்புவது தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ரிப்பன் கருகிவிடும், அதற்கு மருந்தில்லை. கிடைமட்டக் கோடுகள் விடுபட்டிருந்தால் வாங்காமல் விடுவது நல்லது. பக்கவாட்டு ரிப்பன் இந்த வைத்தியத்துக்கு எளிதில் மசியாது.

பேட்டரி மூடியைத் திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொடி காரத்தன்மை கொண்டது, அதனால் வெள்ளை வினிகரில் தொட்டுத் தேய்த்தால் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஸ்பிரிங் துருவேறி உதிர்ந்திருந்தால் புதிதாக மாற்றத்தான் வேண்டும். ஸ்விட்சைத் தொட்டாலே கருவி அணைந்து எழுகிறதா? ஸ்விட்சின் உள்ளே படிந்த ஆக்சைடு அது. மின்தொடர்பு கிளீனரை ஒரு சொட்டு விட்டு, பேட்டரி இல்லாமல் இருபது முப்பது தடவை தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். ரீசார்ஜ் பேட்டரிகள் நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ட்தான், பேட்டரி நிலையைக் காட்டும் சிவப்பு விளக்கு கொஞ்சம் மங்கலாக எரியும், ஆட்டத்துக்குக் குறைவில்லை.

பின்னொளியுள்ள புதிய ஐபிஎஸ் (இன்றைய எல்சிடி வகை) திரை பொருத்திய கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. இரவில் விளையாடுபவர்களுக்கு அதுவே சரி. நிழல் இழுபடுவதும் போய்விடும். பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். 1989-இல் கிடைத்த காட்சி அப்படியே வேண்டும் என்பவர்கள் பழைய திரையையே தேடுங்கள்.

சேமிப்பு வசதியுள்ள பழைய கார்ட்ரிட்ஜ்களில் ஒரு நாணய பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமித்தது நிற்காது. கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற சிறப்பு ஸ்க்ரூடிரைவர் முனை தேவை. தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியாக, பழையதில் அச்சிட்டுள்ள அதே எண்ணில் வாங்குங்கள். பேட்டரி மீது நேரடியாகச் சால்டர் செய்தால் வெடிக்கக்கூடும். பழையதைக் கழற்றிய நொடியில் உள்ளே இருக்கும் சேமிப்பு அழிந்துவிடும். அது வேண்டுமென்றால் முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள்.