பல் டாக்டரிடம் செய்த மவுத்கார்டு: 4,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

விளையாடும்போது பல் உடையாமல் இருக்க வாயில் மாட்டிக்கொள்கிற உறைதான் மவுத்கார்டு, பெண்ணுக்கு அதைச் செய்ய மொத்தம் 4,200 ரூபாய் ஆனது. அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன பல் கிளினிக், பெயர் வேண்டாம். கையில் வந்த பொருளுக்கு ஐந்துக்கு நாலரை போடுவேன். கிளினிக்குக்கு மூன்றுதான், அதற்கு மேல் போட மனசு வரவில்லை, ஏன் என்று கீழே இருக்கிறது. பிள்ளைகளை ஹாக்கிக்கும் பாக்ஸிங்குக்கும் அனுப்புகிற பெங்களூர் அப்பா அம்மாக்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி "டாக்டர்கிட்ட செஞ்சா எவ்வளவு ஆகும்" என்பது. ஆளுக்கு ஒரு ரேட் சொல்வார்கள். அந்த ரேட் ஏன் அப்படித் தாவுகிறது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நான் பீன்யாவில் டூல்ரூம் ஆள், அதாவது தொழிற்சாலைக்கு அச்சு செய்கிற பட்டறைக்காரன், பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுக்கிற வேலை எனக்குப் பழகினது, மவுத்கார்டும் அதே வேலைதான்.

பெண் பத்தாவது படிக்கிறாள், சாந்திநகர் பக்கம் செயற்கைப் புல் டர்ஃபில் ஹாக்கி பயிற்சி. சென்டர் ஹாஃப், அதாவது நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டு ஆட்டுவிக்கிற இடத்தில் ஆடுகிறாள், எதிரணிக்கு பெனால்டி கார்னர் அடி கிடைத்தால் கோல் லைனிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவளும் அவள்தான். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடை, கல் மாதிரி கெட்டி. சர்வதேச விதிப் புத்தகம் வாய்க்கு பாதுகாப்பு போடச் சொல்லி பரிந்துரை மட்டும்தான் செய்கிறது, கட்டாயம் கிடையாது, அதனால் இங்கே பாதிப் பிள்ளைகள் வெறும் வாயோடு ஆடுகிறார்கள். பாக்ஸிங்கில் அந்தப் பேச்சே இல்லை, மவுத்கார்டு இல்லாமல் ரிங்கில் ஏற விட மாட்டார்கள். (பாக்ஸிங்குக்கு வாங்குகிறவர்கள் சிவப்பு நிறம் மட்டும் எடுக்காதீர்கள், ரத்தம் வந்தால் தெரியாது என்று போட்டியில் அனுமதிப்பதில்லை.)

முதலில் விளையாட்டுச் சாமான் கடையில் 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். வெந்நீரில் போட்டு, இளகினதும் வாயில் வைத்துக் கடித்து, விரலால் உதட்டின் மேல் அழுத்தி பல் வடிவத்துக்குக் கொண்டுவருகிற வகை. திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, நிறைய பேருக்கு அதுவே போதும். அதில் ஒரு இயல்பான குறை இருக்கிறது: பிள்ளைகள் பயத்தில் ஓங்கிக் கடித்துவிடுகிறார்கள், கடித்த இடத்தில் பொருள் நசுங்கிப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும், எங்கே தடிமன் வேண்டுமோ அங்கே காகிதம் மாதிரி ஆகிவிடும். பல்லோடு ஒட்டி நிற்காததால் எப்போதும் கடித்தே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சென்டர் ஹாஃப் ஆடுகிற பெண்ணுக்கு வாயைத் திறந்து கத்தாமல் எப்படி ஆட்டம் நடக்கும்? கழற்றி சாக்ஸில் சொருகிக்கொண்டு ஆடினாள். கோச் பார்த்துவிட்டு, "சார், பல் டாக்டர்கிட்ட ஒண்ணு செஞ்சுடுங்க" என்றார்.

போனில் விசாரித்தால் ஒருவர் 1,500 என்கிறார், இன்னொருவர் 3,500, இந்திராநகரில் பளபளவென்று இருக்கிற ஒரு இடத்தில் 7,000, அதுவும் "ஸ்கேன் தனி சார்". ஒரே பெயர், ஒரே வாய், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். யாரும் தானாகக் காரணம் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

செய்கிற விதம் சுருக்கமாக இதுதான். ஆல்ஜினேட் என்று ஒரு பொடி, தண்ணீரில் குழைத்து ட்ரேயில் வைத்து மேல் பல் வரிசையில் அழுத்தினால் ரெண்டு மூன்று நிமிஷத்தில் இறுகி அச்சு வந்துவிடும். அது காய்ந்தால் சுருங்கும், அதனால் உடனே அதில் ஜிப்சம் (பிளாஸ்டர் மாவு) குழைத்து ஊற்றி பல் மாடல் எடுத்துவிட வேண்டும். அந்த மாடலின் மேல் ஈவிஏ ஷீட்டைச் சூடாக்கி இறக்குகிறார்கள். ஈவிஏ வேறொன்றும் இல்லை, ஓட்ட ஷூவின் அடியில் மெத்தென்று இருக்கிற அந்தக் குடும்பத்துப் பொருள்தான். அப்புறம் ஓரம் வெட்டி, பாலிஷ் செய்து, கீழ்ப் பல் சரியாக உட்காருகிறதா என்று வாயில் வைத்துப் பார்த்து முடிக்கிறார்கள். அச்சு கொடுக்க ஒரு முறை, போட்டுப் பார்க்க ஒரு முறை, கிளினிக் ஏறத்தான் வேண்டும்.

ரேட் மாறுவது ஷீட்டை இறக்குகிற இடத்தில். வேக்வம் போட்டு உறிஞ்சி இறக்குவது ஒரு முறை, மெஷின் மலிவு, பல கிளினிக்கில் பின் ரூமிலேயே ஒன்று இருக்கும். மேலேயிருந்து காற்றழுத்தம் கொடுத்து அமுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு ஷீட் ஒட்ட வைப்பது இன்னொன்று, மெஷின் விலை அதிகம், பல் சாமான் செய்து கொடுக்கிற வெளி லேபுக்குத்தான் அனுப்புவார்கள். என் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சூடான ஷீட்டை உயரமான அச்சின் மேல் இழுத்தால் முனையிலும் விளிம்பிலும் அது மெலிந்தே தீரும். முன் பல்தான் அந்த மாடலில் உயரமான முனை. ஆக 3 எம்எம் ஷீட் என்று சொல்லி ஆரம்பிப்பது, பந்து வந்து படுகிற அதே முன் பல் மேல் வரும்போது பாதியாகிவிடும். எத்தனை எம்எம் ஷீட் போடுகிறீர்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, செய்து முடித்த பிறகு முன்னால் எத்தனை எம்எம் நிற்கும் என்று கேளுங்கள். முன்பக்கம் மூன்று எம்எம் அளவு வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. ரொம்பத் தடித்தாலும் உதடு மூடாது, பிள்ளை கழற்றிப் போட்டுவிடும்.

1,500 சொன்ன இடத்தில் இதைக் கேட்டேன். 2 எம்எம் ஷீட்டாம். அது தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்குச் செய்து கொடுக்கிற தட்டுக்குப் போதும், ஹாக்கிக்கு அது எதற்கு? அதற்கு நம் 450 ரூபாய் சரக்கே தேவலாம்.

அல்சூர் கிளினிக்கில் 3,500 பேசி அச்சு கொடுத்தோம். டாக்டரம்மா தமிழ், பெண்ணிடம் "வாந்தி வர்ற மாதிரி இருந்தா மூக்கால மூச்சு விடும்மா, கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இரு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அச்சு எடுத்துவிட்டார், அந்தக் கைப்பக்குவத்துக்கு முழு மார்க். சாமான் வர பத்து நாள் போல ஆனது, ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வந்ததும் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக வேலைக்குக் கொண்டுபோய் அளந்தேன். வெர்னியரில் அளக்கக் கூடாது, அமுங்கிவிடும், திக்னஸ் கேஜில் வைத்துப் பார்த்தேன். முன் பல்லின் விளிம்பில் 1.6 எம்எம்தான். ஒரே ஷீட், வேக்வம்.

திரும்பக் கொண்டுபோனேன். சண்டை எல்லாம் போடவில்லை, எண்ணை மட்டும் சொன்னேன். டாக்டரம்மா முதலில், "சார், எல்லாருக்கும் இப்படித்தான் போகுது, யாரும் அளந்து பார்க்கறதில்ல" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் ரெண்டு மார்க் குறைத்தேன். அப்புறம் லேபுக்கு போன் போட்டுப் பேசினார், ரெண்டு லேயர் அழுத்தி ஒட்டுகிற வேலை அங்கே இருக்கிறது, 700 கூட ஆகும் என்றார். அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? "விளையாட்டுக்கு" என்று சொல்லித்தானே ஆர்டர் கொடுத்தேன். ஆனால் பழைய மாடலையே வைத்துச் செய்ததால் மறுபடி அச்சு எடுக்கவில்லை, அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரெண்டாவதாக வந்தது முன்னால் 3.1, கடிக்கிற பரப்பில் 2.4. இது சாமான்.

போட்டுப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, பேச முடியுதுப்பா." வாயைத் திறந்து தலையை ஆட்டினாலும் விழவில்லை. தண்ணீர் குடிக்க முடிகிறது. ரெண்டாவது நாளிலிருந்து அது இருப்பதே மறந்துவிட்டது என்கிறாள், கழற்றி சாக்ஸில் சொருகுவது நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காகவே காசு செரித்துவிட்டது. வாயில் இல்லாத மவுத்கார்டு எந்தப் பல்லைக் காப்பாற்றும்?

காசுக்கணக்கு பார்க்கிறவர்களுக்கு: முன் பல் ஒன்று உடைந்தால் ரூட் கெனால், மேலே கேப், என்று இந்த ஊரில் பத்தாயிரத்தை ஒட்டிப் பேசுவார்கள், பல் போயே போய் இம்ப்ளாண்ட் என்றால் அதைப் போல ரெண்டு மூன்று மடங்கு, அதுவும் வளர்கிற வயதில் இம்ப்ளாண்ட் போட மாட்டார்கள், தாடை வளர்ந்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும். டாக்டரம்மா சொன்ன இன்னொன்று, இதை எல்லா கோச்சும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், மேல் பாகத்தைப் பிடித்து அதே குழியில் திரும்ப வைத்துவிடலாம், முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

எல்லோருக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயது வாக்கில்தான் ரெண்டாவது கடைவாய்ப் பல் முளைக்கிறது. பால் பல் விழுந்து புதுசு வந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு 4,200 கொட்டினால் அடுத்த வருஷமே உள்ளே நுழையாது. அந்த வயதுக்கு வெந்நீர் வகையை நிதானமாக, கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகக் கடிக்க வைத்து பொருத்திக் கொடுங்கள், ஆறு மாசத்துக்கு ஒன்று மாற்றினாலும் மலிவு. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் கம்பி போட்ட டாக்டரிடமே கேளுங்கள், பல் நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும். 7,000 ரூபாய் ஸ்கேனர் விஷயம்: அச்சு எடுக்கும்போது வாந்தி வருகிறவர்களுக்கு அது வரம், மற்றவர்களுக்கு அந்தக் காசில் மவுத்கார்டு ஒரு எம்எம் கூடத் தடிக்கப் போவதில்லை. கையில் காசு இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் விசாரித்துப் பார்க்கலாம், வரிசையில் உட்காரத் தயாராகப் போங்கள்.

பராமரிப்பு ஒன்றும் பிரமாதம் இல்லை, பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, ஓட்டை உள்ள டப்பாவில் வைத்தால் சரி. வெந்நீர் கூடவே கூடாது, இளகி வடிவம் போய்விடும். என் அம்மா சுத்தம் என்று நினைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடப் போனார், பேத்தி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெயிலில் நிற்கிற வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள். நாய் வளர்க்கிறவர்கள் உயரத்தில் வையுங்கள், நாய்க்கு அது ரொம்பப் பிடிக்குமாம், டீமில் ஒரு பெண்ணுடையது அப்படித்தான் போனது.

கிளினிக் பற்றி மிச்சம்: டப்பாவுக்குத் தனியாக 100 ரூபாய் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை, சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டுக்கொண்டேன். பில்லில் "டென்டல் அப்ளையன்ஸ்" என்று ஒரே வரி, எத்தனை லேயர், என்ன பொருள் எதுவும் இல்லை, கேட்டு எழுதி வாங்குங்கள். மாடலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தயங்காமல் கொடுத்தார்கள். பல் மாறாத வரை, தொலைந்துபோனால் அதை வைத்தே இன்னொன்று செய்யலாம், 2,800 என்று இப்போதே பேசிவைத்திருக்கிறேன். யுபிஐ வாங்குகிறார்கள். ஞாயிறு லீவு. சாயங்காலம் ஆறுக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், சனிக்கிழமை காலை காலியாக இருக்கிறது. காரில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடையாது, பர்ப்பிள் லைனில் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.