காசு கொடுத்து வாங்கிய காற்று: என் பஷ்மினா சால்வை

போன வருஷம் ஏப்ரலில் ஸ்ரீநகர் போனபோது சாயம் ஏற்றாத பஷ்மினா சால்வை ஒன்று வாங்கினேன். பஷ்மினா என்றால் மலை ஆட்டின் மெல்லிய உள்மயிர். 14,000 ரூபாய். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். வீட்டுத் தராசில் போட்டால் 190 கிராம். பெட்டியைப் பிரித்த மனைவி, “ஏனுங்க, இத்தனை காசு கொடுத்துக் காத்தையா வாங்கிட்டு வந்தீங்க?” என்றாள்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு கண்காட்சியில் 1,500 ரூபாய்க்கு ‘அசல் பஷ்மினா’ வாங்கி ஏமாந்தவன் நான். மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டியதில் மயங்கிவிட்டேன். மெல்லிசான எந்தத் துணியும் மோதிரத்துக்குள் போகும்! வீட்டில் ஓரத்து நூலைக் கொளுத்தினால், மயிர் கருகும் நாற்றத்துக்குப் பதில் காகித வாசம். விஸ்கோஸ், அதாவது மரக்கூழில் செய்த இழை. ஸ்பின்னிங் மில்லில் 22 வருஷம் நூல் பார்த்தவனுக்கு இது வெட்கக்கேடு.

இந்த முறை முதலில் தேடியது புவிசார் குறியீட்டு லேபிளை. காஷ்மீர் பஷ்மினாவுக்கு அது 2008-ல் கிடைத்தது. இழையின் தடிமன் 16 மைக்ரானைத் தாண்டக் கூடாது, கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். நம் தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் வரும். அப்புறம் துணியின் இழைகளைப் பெரிதாக்கிக் காட்டும் பிக் கிளாஸை வைத்தேன். நூல் ஓரிடத்தில் தடித்து, அடுத்த இடத்தில் மெலிந்து ஓடியது. எங்கள் மில்லில் இப்படி ஒரு நூல் கோன் வந்தால் அன்றைக்கே ரிஜெக்ட். இங்கே அதுதான் கைராட்டையின் கையெழுத்து. மெஷினில் ஓட இந்த இழைக்குத் தெம்பு போதாது. அதனால் மெஷினில் நூற்பவர்கள் நைலான் கலந்து நூற்று, நெய்தபின் அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடுவார்கள். பஷ்மினாவின் உயிரும் அதில் பாதி போய்விடும்.

பெயர் காஷ்மீருடையது என்றாலும் இழை வருவது லடாக்கின் சாங்தாங் மேட்டிலிருந்து. 14,000 அடி உயரம், குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி. அதைத் தாங்க ஆடு மேல்மயிருக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒன்றை வளர்த்துக்கொள்கிறது. குளிர் விட்டதும் அது தானே தளரும், சாங்பா மேய்ப்பர்கள் சீப்பால் வாரி எடுப்பார்கள். முரட்டு மயிரைப் பிரித்த பிறகு ஆட்டுக்குச் சுமார் 100 கிராம்தான் தேறும். என் சால்வையில் இரண்டு ஆட்டின் ஒரு வருஷக் குளிர் இருக்கிறது. ஸ்ரீநகர்ப் பெண்கள் இந்தப் பஞ்சை அரிசி மாவில் புரட்டி வைத்துத்தான் நூற்கிறார்கள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே பழகிய எனக்கு, நூலாகும் முன்பே அரிசி வந்துவிடுவது வேடிக்கையாக இருந்தது.

டிசம்பரில் ஊட்டியில் விடிகாலை நடைக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது, ஸ்வெட்டரைத் தொடவே இல்லை. ஆனால் பை மாட்டிய தோள் பக்கம் பிசிறு உருண்டை கட்டிவிட்டது. கட்டவே கட்டாது என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். பூச்சி அரிக்கும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பீரோவில் மடித்து வைத்திருந்ததில் கடுகளவு ஓட்டை. குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி மனைவிதான் அதை அடைத்தாள், தேடினால்தான் தெரியும். இப்போது பழைய வேட்டியில் சுற்றி, வேப்பிலை போட்டு, அவள் புடவை அடுக்கில் வைத்திருக்கிறாள். நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.