கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு, போர்டுக்கு ஓராண்டு: சமையலறைக் கருவிகளோடு ஒரு நீண்ட அனுபவம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு வாரண்டி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறது. அந்தக் கம்ப்ரஸர் இன்றுவரை எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழுதானவையெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள்; அவற்றுக்கு வாரண்டி ஓராண்டோடு முடிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மட்டுமன்றி மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் என்று சமையலறையில் பிளக் மாட்டி இயங்கும் அத்தனையிலும் இதே கதையைத்தான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். உழைக்கும் உறுப்பு உறுதியாக இருக்கிறது. அதற்கு ஆணையிடும் சர்க்யூட் போர்டோ, சில நூறு ரூபாய் பெறாத ஒரு துணைப் பாகமோ கெட்டு, மொத்தக் கருவியையும் படுக்கவைத்துவிடுகிறது. வாங்கப்போகிறவர்களுக்கும், பழுதுபார்க்கச் சொல்லி யாரையேனும் அழைக்கப்போகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜில் வந்த முதல் தொல்லை, மேலே ஃப்ரீஸரில் ஐஸ் கட்டி உறைந்துகொண்டிருக்கும்போதே கீழ்த்தட்டில் தோசை மாவு புளித்துப் பொங்கியது. வந்து பார்த்த டெக்னீஷியன் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிவிட்டு, "கேஸ் போயிருச்சும்மா, சார்ஜ் பண்ணணும்" என்றார். வேறு எந்தச் சோதனையும் இல்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஃபிரிட்ஜ் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரத் தீர்ப்பை ஏற்க முடியாது. ஃப்ரீஸரின் பின்சுவருக்குள் காயில் எனப்படும் குளிரூட்டும் சுருள்குழாய் இருக்கிறது. ஒரு சிறிய மின்விசிறி அதன் குளிர்ந்த காற்றைக் கீழ்த்தட்டுகளுக்குத் தள்ளுகிறது. காயிலில் படியும் உறைபனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிட வேண்டும். அந்த ஹீட்டரோடு, சூடு எல்லை மீறினால் ஒரே முறை எரிந்து இணைப்பைத் துண்டித்துவிடும் தெர்மல் ஃபியூஸ் ஒன்றும் இருக்கிறது. அது போய்விட்டால் பனி உருகுவது நின்றுபோகும். காயில் முழுவதும் பனி மூடிக் காற்றின் வழி அடைபடும். மேலே குளிரும், கீழே குளிராது.

இதைக் கண்டறிய மீட்டர்கூட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜை அணைத்து, கதவுகளைத் திறந்துவைத்து, ஒரு முழுநாள் பனியை உருகவிட வேண்டும். மறுபடி இயக்கியதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாட்களில் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினால், கோளாறு பனி உருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. கசிந்துபோன கேஸ், பனி உருகியதால் திரும்பி வந்துவிடாது. இந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்ததால்தான், கேஸ் நிரப்புவதற்கான தொகையைக் கொடுக்காமல், ஃபியூஸும் சென்சாரும் மாற்றுவதற்கான கூலியோடு அந்தப் பழுது முடிந்தது. உண்மையிலேயே கேஸ் நிரப்ப நேர்ந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது தீப்பற்றக்கூடியது, நிரப்பப்படும் அளவும் மிகக் குறைவு. எடைத் தராசு இல்லாமல், குழாயைத் தொட்டுப் பார்த்தே அளவைச் சொல்கிறவரிடம் அந்த வேலையைக் கொடுப்பது சரியில்லை.

இரண்டாவது தொல்லை பெரியது. எங்கள் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்துபோன ஒரு மாலையில், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போர்டு போயிற்று. நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம்கூட வரக்கூடும். "இதுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை" என்று கடையில் சொல்லி விற்றார்கள். அந்த வாக்குறுதிக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது என்பது விளக்கக் கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது. பழைய வகை கம்ப்ரஸரில் இயக்கிவிடும் ரிலே ஒன்றும், ஓவர்லோடு பாதுகாப்பு ஒன்றும்தான் கெடும். இரண்டும் தெருமுனைக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரையோ அதற்கான போர்டு இல்லாமல் இயக்கிப் பார்க்கக்கூட முடியாது. அந்த வகை மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதில் மறுப்பில்லை. ஆனால் மிச்சமான கரண்ட் பில்லையெல்லாம் ஒரே போர்டின் விலை விழுங்கிவிட்டது. பிறகு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். அதற்குப் பின் போர்டு கெடவில்லை.

கருவி கெடுவதைவிட அதைச் சரிசெய்யச் சொல்லி அழைக்கும் சடங்குதான் அதிகம் களைப்பைத் தருகிறது. கட்டணமில்லா எண்ணில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முதலில் கேட்பது ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான விளம்பரம். புகார் பதிந்ததும் குறுஞ்செய்தி வரும். ஆள் வராமலே, புகார் தீர்க்கப்பட்டது என்று இன்னொரு குறுஞ்செய்தியும் வரும். வேலையைத் தொடங்கும் முன்பே ஓ.டி.பி. கேட்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் புகார் முடிந்துபோனதாக ஆகிவிடும். ஆகவே கருவி ஓடுவதைப் பார்த்த பிறகே எண்ணைச் சொல்வது என்று வழக்கமாக்கிக்கொண்டோம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிவைக்கிறோம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களில் போலிகள் ஏராளமாக இருப்பதால், பில்லிலோ விளக்கக் கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டுமே அழைப்பது நல்லது. வீட்டுக்கு வரும் இளைஞர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். போர்டைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே பழக்கப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் பையில் சால்டரிங் அயர்ன்கூட இருப்பதில்லை.

மைக்ரோவேவ் அடுப்பு அப்படியொரு இளைஞரின் வாயால் ஏறக்குறையச் செத்தே போனது. உள்ளே பொறி பறந்ததைப் பார்த்து, அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டது என்றும், அதை மாற்றுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். உட்புறப் பக்கச் சுவரில், அலைகள் வெளிவரும் துவாரத்தை மூடியிருக்கும் மைக்கா தகடு ஒன்று உண்டு. அதில் எண்ணெயும் குழம்பும் தெறித்துக் காய்ந்து கருகினால் அந்த இடத்திலேயே பொறி பறக்கும். மைக்கா அட்டை உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அளவுக்கு ஏற்பக் கத்தரிக்கோலால் வெட்டி மாட்டிக்கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்புறத்திலிருந்தே அதை மாற்றினோம், அடுப்பு இன்னும் ஓடுகிறது. ஆனால் வெளிக்கூட்டைக் கழற்றும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். உள்ளேயிருக்கும் உயரழுத்தக் கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லும்.

இண்டக்ஷன் அடுப்பைப் பற்றி என்னால் நல்ல வார்த்தை அதிகம் சொல்ல முடியவில்லை. பால் காய்ச்சவும் வெந்நீர் போடவும் அதைப்போல வேகமானது இல்லை என்பது உண்மை. ஆனால் கண்ணாடிப் பலகையைத் தொட்டு இயக்கும் ஏற்பாடு, ஈரக் கையோடு சமைப்பவர்களை எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை. கஞ்சி பொங்கி அந்தப் பலகையில் வழிந்தால், அணைக்க வேண்டிய நேரத்தில்தான் அது தொடுகையை உணர மறுக்கும். அடியில் காற்றை இழுக்கும் துளைகள் வழியாகக் கரப்பான்பூச்சிகள் வெதுவெதுப்பைத் தேடிக் குடியேறுகின்றன; அவற்றின் கழிவு போர்டில் படிந்து, மழைக்கால ஈரமும் சேர்ந்தால் ஷார்ட் ஆகிறது. பெரும்பாலும் எரிவது போர்டில் உள்ள ஐ.ஜி.பி.டி. எனப்படும் மின்னணு சுவிட்ச், அதோடு ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர், அவற்றுக்கு முன்னால் உள்ள ஃபியூஸ். சர்வீஸ் சென்டரில் இவற்றைத் தனியாக மாற்றித் தர மாட்டோம், முழு போர்டுதான் என்றார்கள். அதன் விலை அடுப்பு விலையில் பாதியைத் தொட்டது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தோம். சில மாதங்களில் அதே சுவிட்ச் மறுபடி எரிந்தது. அதை இயக்கும் சிறு சுற்றில் உள்ள கோளாற்றைக் கவனிக்காமல் எரிந்த பாகத்தை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு வேறொருவர் விளக்கினார். இண்டக்ஷன் அடுப்பை ஒருமுறை பழுதுபார்க்கலாம். இரண்டாம் முறையும் அதே பாகம் எரிந்தால் விட்டுவிடுவதே மேல் என்பது என் முடிவு.

மிக்ஸி இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையான கருவி. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் அதன் ரப்பர் கப்ளர் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. ஜாரில் பிளேடு சிக்கிக்கொண்டால் பற்கள் முறிந்து மோட்டாரைக் காப்பாற்றுகின்றன. கார்பன் பிரஷும் தேயும், மாற்றிக்கொள்ளலாம். திடீரென்று நின்றுபோனால் பதறாமல் அடியிலிருக்கும் சிவப்பு ஓவர்லோடு பொத்தானைச் சற்று ஆறவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் ஓடிவிடும். உண்மையான எமன் ஜாரின் அடியில், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம்தான். அது தேய்ந்தால் சட்னித் தண்ணீர் தண்டு வழியாக இறங்கி மோட்டாரின் பேரிங் வரை போய்த் துருப்பிடிக்க வைக்கும். கசிவு தெரிந்த அன்றே அந்த ஜாரைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். என் குறை வேறு. முன்பு ஒரே அளவுக் கப்ளர் பல மிக்ஸிகளுக்குப் பொருந்தியது. இப்போது ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே பற்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது. மாடல் நின்றுபோனால், நல்ல மோட்டாரை வைத்துக்கொண்டு பத்துரூபாய்ச் சாமானுக்காகக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது.

கிரைண்டரில் எங்களிடம் இரண்டு தலைமுறைகள் இருக்கின்றன. மாமியார் கொண்டுவந்த கோவை டில்டிங் கிரைண்டரில் இத்தனை காலத்தில் மாற்றியவை பெல்ட், ஸ்டார்ட் ஆக உதவும் கெப்பாசிட்டர், இவை மட்டுமே. கல் வழுவழுப்பாகி மாவு நைசாகாதபோது கொத்திக்கொண்டோம். மோட்டார் "ம்ம்" என்று முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால், மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். பாதி நேரம் அதுதான் காரணம். ஈர கிரைண்டர் கோவையில் பிறந்த கருவி, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. எந்த ஊரிலும் அதன் பெல்ட்டைத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருப்பதற்கு அந்த நீண்ட பழக்கமே காரணம். பிறகு இடவசதிக்காக வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர் நன்றாகவே அரைக்கிறது. ஆனால் அதில் டிஜிட்டல் டைமர் வைத்திருக்கிறார்கள். உளுந்து பதமாகிவிட்டதா என்பதை விரலில் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு டைமர் எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கெட்டதும் அதுதான், ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அதை நீக்கிவிட்டுச் சாதாரண சுவிட்சைப் பொருத்தினோம்.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஃபிரிட்ஜ் மாடல் ஒன்றின் விற்பனை முடிந்த பிறகும் அதன் தெர்மோஸ்டாட், சென்சார், சர்க்யூட் போர்டு ஆகியவை குறைந்தது 7 ஆண்டுகளுக்கும், கதவு ரப்பர் 10 ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அங்கே நிறுவனங்கள் தங்கள் சேவை விவரங்களைத் தருகின்றன. எங்கள் ஃபிரிட்ஜ் போர்டு எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்ற கேள்விக்கு விடைதரும் கட்டாயம் அதில் இல்லை. நடைமுறையில் எங்களுக்கு உதவியது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915தான். பில், புகார் எண், குறுஞ்செய்திகளின் படம் ஆகியவற்றோடு அங்கே பதிந்தபின், அதுவரை அழைத்தால் எடுக்காத நிறுவனம் தானாகவே அழைத்தது. அதற்கும் மசியாதவர்கள் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்போது எதை வாங்கப் போனாலும், வாட்டையும் வாரண்டி ஆண்டையும் கேட்பதற்கு முன்னால் போர்டு தனியாக என்ன விலை, யாரிடம் கிடைக்கும் என்று கேட்கிறோம். பெரிய ஷோரூம்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த விற்பனையாளரை இன்னும் சந்திக்கவில்லை. ஒருவர் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கான படிவத்தை எடுத்து நீட்டினார். அண்மையில் மிக்ஸி மாற்ற நேர்ந்தபோது பழுதுபார்ப்பும் சேர்த்துச் செய்யும் சிறிய கடைக்குப் போனோம். எந்த மாடலுக்குக் கப்ளரும் புஷ்ஷும் உங்களிடமே இருக்கின்றன என்று கேட்டதும், கடைக்காரர் டப்பாவைத் திறந்து இரண்டையும் மேசைமேல் வைத்தார். அந்த மாடலையே வாங்கினோம்: 750 வாட், திருகும் சுவிட்ச், விளக்கோ டிஸ்பிளேயோ எதுவும் இல்லை. அரைப்பது திருப்தியாக இருக்கிறது. சட்னி ஜாரின் மூடி மட்டும் சரியாக உட்காருவதில்லை. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அரைக்க வேண்டியிருக்கிறது.