30 லீற்றர் ஹீற்றரும் இரண்டு வாளித் தண்ணீரும்

திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கடந்த ஐப்பசியில் 30 லீற்றர் கொள்ளளவும் 2,000 வாற்று வலுவும் கொண்ட, குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கித் தன் தாங்கியிலேயே வைத்திருக்கும் சேமிப்பு ஹீற்றர் ஒன்றை வாங்கினேன். அம்மாவுக்கு 78 வயது. திருவெம்பாவை நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கே குளித்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போவதை அவர் இன்றுவரை விட்டதில்லை. வாடைக் காற்று வீசும் அந்த நேரத்தில், இரவெல்லாம் கூரைத் தாங்கியில் குளிர்ந்து கிடந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வகை ஹீற்றர்கள் பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே அமைப்புடன் விற்கப்படுவதால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, இது எங்கள் வீட்டில் எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது, அதில் எவ்வளவு உண்மையில் அம்மாவின் உடலில் வெந்நீராக விழுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியின் மீது வினைத்திறன் 98 சதவீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அது பொய்யல்ல. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மின்சூடாக்கி தான் பெறும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. அந்த வெப்பத்துக்குத் தண்ணீரை விட்டால் போக்கிடமில்லை. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 1.163 வாற்று மணி தேவை. ஆகவே 25 பாகையில் உள்ள 30 லீற்றரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.2 யூனிற் (ஒரு யூனிற் என்பது 1,000 வாற்று மணி) செலவாக வேண்டும், 37 நிமிடம் பிடிக்க வேண்டும். நான் அளந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தது. இந்த அளவில் சாதனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சூடான தண்ணீர் அதன்பிறகு என்ன ஆகிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. சுவர்ச் செருகியில் பொருத்தும் சிறிய மின் அளவுமானி ஒன்றை இடையில் மாட்டி, ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் ஹீற்றரை 24 மணி நேரம் போட்டுவைத்தேன். எவரும் குளிக்காத அந்த நாளில் 0.65 யூனிற் ஓடியிருந்தது. உறைக்குள் இருக்கும் நுரைக் காப்பையும் மீறிக் கசிகின்ற வெப்பத்தை ஈடுசெய்ய, இடையிடையே சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைவதன் கணக்கு அது. இந்தியத் தயாரிப்புகளில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரச் சீட்டு இந்தக் கசிவைத்தான் அளவிடுகிறது என்பதை வாங்குவோர் கவனிக்க வேண்டும். 98 சதவீதத்தைவிட அந்தச் சீட்டே பயனுள்ள தகவல்.

எங்கள் வீட்டில் குளிப்பது வாளித் தண்ணீரில்தான். அம்மாவுக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு வாளி. ஒவ்வொன்றிலும் 18 லீற்றர், சூடு 40 பாகை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி ஊற்றும்போது உடலுக்கு இதமாக இருக்கும் சூட்டை ஒட்டியது. இரண்டு வாளிக்கும் சேர்த்து உண்மையில் தேவைப்படும் வெப்பம் 0.63 யூனிற். திருவெம்பாவையின் பத்து நாட்களும் ஹீற்றரை அணைக்காமலே விட்டிருந்தேன், அளவுமானி 13.6 யூனிற் காட்டியது. அதில் குளித்த தண்ணீருக்குப் போனது 6.3. அதாவது 98 சதவீதம் என்று விற்கப்பட்ட சாதனம் எங்கள் வீட்டில் 46 சதவீதமாக நின்றது.

அடுத்த பத்து நாட்கள் டைமர் ஒன்றைப் பொருத்தி, அதிகாலை 3.15க்கு ஏற்றி, நான்கு மணிக்கு அணையும்படி வைத்தேன். செலவு 9.2 யூனிற்றாகக் குறைந்தது. வினைத்திறன் ஏறத்தாழ 68 சதவீதம். மாதத்துக்கு 13 யூனிற் மிச்சம் என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் மின்பட்டியல் படிமுறைக் கட்டணத்தில் வருவதால், கடைசியாக ஓடும் யூனிற்றுகளுக்கே கூடிய விலை கொடுக்கிறோம். டைமரில் ஒரு குறை உண்டு. நான் வாங்கியது வட்டை சுழலும் பழைய வகை. மின்சாரம் தடைப்பட்டால் அதுவும் நின்றுவிடும். ஒருநாள் இரவு ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது தெரியாமல், அம்மா குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டு, "பிள்ளை, இண்டைக்கு ஹீற்றர் நித்திரை போல" என்றார். உள்ளே மின்கலம் உள்ள டைமரை வாங்குங்கள்.

சூட்டை 50 பாகைக்கு இறக்கினால் இன்னும் மிச்சமாகும் என்று பலர் சொல்வார்கள். நான் இறக்கவில்லை. 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா பக்டீரியா பெருகக்கூடும்; வயதானவர்களின் நுரையீரலுக்கு அது ஆபத்தானது. பகலெல்லாம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் ஹீற்றர்த் தாங்கியை, அந்தக் கிருமி சாகும் 60 பாகைக்கு அன்றாடம் உயர்த்துவதற்காகச் செலவாகும் மின்சாரத்தை நான் இழப்பாகக் கருதவில்லை.

பொருத்திய இடம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. குழாய் வேலை செய்தவர் தமக்கு வசதியாகச் சமையலறைப் பின்சுவரில் ஹீற்றரை மாட்டிவிட்டார். குளியலறைக்கு ஒன்பது மீற்றர் குழாய். அதற்குள் மட்டும் ஏறத்தாழ இரண்டு லீற்றர் தண்ணீர் நிற்கிறது. குழாயைத் திறந்ததும் முதலில் வரும் குளிர்ந்த தண்ணீர் வீணாவதில்லை, வாளிக்கு எப்படியும் தண்ணீர் கலக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மூடிய பிறகு குழாயில் தங்கிவிடும் வெந்நீர் வாடைக் காற்றுக்கே போகிறது. கறுப்பு நுரை உறை சுற்றினேன். அம்மா குளித்து அரை மணி நேரத்தில் நான் குளிக்கும்போது மட்டும் அது உதவுகிறது, மறுநாள் விடியும்வரை எந்த உறையும் சூட்டைப் பிடித்துவைக்காது.

இலண்டனில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவனுடைய வீட்டுக் கதையும் இதுவாகவே இருந்தது. அங்கே வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பொயிலர்களில் புதிதாகப் பொருத்துபவை 2005 முதல் ஒடுக்க வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்பதால்தான் அவற்றின் சீட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போடுகிறார்கள். ஆனால் அறைகளிலுள்ள சுவர்ச் சூடாக்கிகளைச் சுற்றிப் பொயிலருக்குத் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நீராவி ஒடுங்கும். பொருத்தியவர் பொயிலரிலிருந்து வெளிச்செல்லும் தண்ணீரின் சூட்டை 75 பாகையில் விட்டுப் போனதால், ஒடுங்கிய தண்ணீர் சொட்ட வேண்டிய வெள்ளைக் குழாய் பனிக்காலத்தில்கூடக் காய்ந்து கிடந்தது. தம்பி 55க்கு இறக்கிய பிறகே சொட்டத் தொடங்கியது. வீடு சூடேறச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய பொயிலரைப் பொருத்தினால் அது அடிக்கடி எரிந்து அணைந்து எரிவாயுவை வீணாக்கும் என்றும் அவன் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் நான் 15 லீற்றர் ஹீற்றருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 பாகையில் உள்ள 15 லீற்றரோடு 25 பாகைத் தண்ணீர் 20 லீற்றர் கலந்தால் 40 பாகையில் 35 லீற்றர் கிடைக்கும். எங்கள் இரண்டு வாளிக்கு ஒரு லீற்றர்தான் குறைவு. கடைக்காரர் "பெரிசா எடுங்கோ, பிறகு கவலைப்படத் தேவையில்லை" என்றபோது நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

வாளியில் குளிக்கும் சிறிய குடும்பத்துக்கு 15 லீற்றர் போதும். குழாய்நீர்த் தூறலில் (ஷவரில்) குளிப்பவர்களுக்கு 3,500 வாற்று உடனடி ஹீற்றர் நமது ஊருக்குப் பொருந்தும். 25 பாகைத் தண்ணீரை 40 ஆக்கி நிமிடத்துக்கு மூன்றே கால் லீற்றர் தரும், தாரை மெலிதாக இருந்தாலும் கசிந்து வீணாவது எதுவும் இல்லை. சூரிய ஹீற்றர் சித்திரை வெயிலில் அருமையாக வேலை செய்யும், ஆனால் அப்போது கூரைத் தாங்கித் தண்ணீரே சுடுகிறது. கடலோரக் கிணற்றுநீர் பாவிக்கும் உப்புவெளி, நிலாவெளி வீடுகளில் சேமிப்பு ஹீற்றருக்குள் தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்திருக்கும் மக்னீசியக் கோலை ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்ப்பது அவசியம். உவர்நீர் அதை விரைவில் அரித்துவிடும், பிறகு தாங்கியையே அரிக்கும்.

எங்களுடைய ஹீற்றரை வரும் கார்த்திகைக்குள் குளியலறைச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாற்றியதும் மீண்டும் பத்து நாட்கள் அளவுமானியை மாட்டுவேன்.